மேற்கு வர்ஜீனியா பொது ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுப் போராட்டம்

மேற்கு வர்ஜீனியா பொது ஊழியர்களின் மருத்துவக் காப்பீட்டுப் போராட்டம் என்பது, ஐக்கிய அமெரிக்காவின் மேற்கு வர்ஜீனியா மாநிலத்தில் ஆசிரியர்களும் பிற அரசு ஊழியர்களும் ஏறிவந்த காப்பீட்டுச் செலவையும், ‘நலவாழ்வு’ என்ற பெயரில் விதிக்கப்படவிருந்த அபராதத்தையும் எதிர்த்து நடத்திய போராட்டத்தைக் குறிக்கும். 2018 பிப்ரவரி 22 முதல் மார்ச் 6 வரை மாநிலத்தின் 55 கவுண்டிகளிலும் பள்ளிகள் மூடிக்கிடந்த வேலைநிறுத்தம் இதன் உச்சக்கட்டம். ஒன்பது பள்ளி நாட்கள் நீடித்த அந்த வேலைநிறுத்தம் வெளியுலகில் ஊதிய உயர்வுப் போராட்டமாகவே அறியப்பட்டது. ஊதியம் அதில் ஒரு பாதிதான். ஊழியர்களைக் கொதிக்க வைத்தது காப்பீடு. ஊதியக் கோரிக்கை நிறைவேறிய பிறகும் காப்பீட்டுச் சிக்கல் தீரவில்லை என்பதே இந்த வரலாற்றின் முக்கியமான பகுதி.

காப்பீடு சம்பளத்தோடு பிணைந்த விதம்

அமெரிக்காவில் உழைக்கும் வயதினரில் பெரும்பாலோருக்கு மருத்துவக் காப்பீடு அரசிடமிருந்து வருவதில்லை. வேலை கொடுப்பவரிடமிருந்து வருகிறது. இந்த ஏற்பாட்டை யாரும் உட்கார்ந்து திட்டமிட்டு உருவாக்கவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், விலைவாசியைக் கட்டுக்குள் வைக்க அமெரிக்க அரசு ஊதிய உயர்வுக்குத் தடை விதித்தது. ஆள் பற்றாக்குறையில் தவித்த நிறுவனங்கள் சம்பளத்தைக் கூட்ட முடியாததால் காப்பீடு போன்ற சலுகைகளைக் காட்டி ஆட்களை இழுத்தன. நிறுவனம் கட்டும் காப்பீட்டுத் தொகைக்கு ஊழியர் வருமான வரி கட்ட வேண்டியதில்லை என்பதை 1954ஆம் ஆண்டின் வரிச் சட்டம் உறுதிசெய்தது. போர்க்காலத் தற்காலிக வழி நிரந்தர அமைப்பாகிவிட்டது.

இதனால் அங்கு ஒருவரின் உண்மையான சம்பளத்தை அறிய இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். ஒன்று சம்பளச் சீட்டின் மேலே இருக்கும் தொகை. மற்றொன்று கீழே பிடித்தம் செய்யப்படும் பிரீமியம். இவை தவிர ‘டிடக்டிபிள்’ என்ற ஒன்றும் உண்டு. ஓர் ஆண்டில் இவ்வளவு டாலர் வரையிலான மருத்துவச் செலவை ஊழியரே தன் கைக்காசிலிருந்து கட்ட வேண்டும், அதைத் தாண்டிய பிறகே காப்பீடு கைகொடுக்கும் என்று வகுக்கப்பட்ட வரம்பு அது. பிரீமியமோ டிடக்டிபிளோ ஏறினால், சம்பளம் அதே எண்ணில் நின்றாலும் உண்மையில் குறைந்துவிடுகிறது.

நிலக்கரிச் சுரங்கங்களின் நினைவு

உடலும் சம்பளப் பிடித்தமும் ஒரே கணக்கில் வருவது மேற்கு வர்ஜீனியாவுக்குப் புதிதல்ல. நிலக்கரியை நம்பி வாழ்ந்த மலை மாநிலம் அது. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் சுரங்க நிறுவனமே வீடு கொடுத்தது, கடை நடத்தியது, மருத்துவரையும் அமர்த்தியது. மருத்துவருக்கான தொகை தொழிலாளியின் கூலியிலிருந்து மாதாமாதம் பிடிக்கப்பட்டது. எந்த மருத்துவர் என்று தேர்ந்தெடுக்கும் உரிமை தொழிலாளிக்கு இல்லை. 1946இல் நாடு தழுவிய சுரங்க வேலைநிறுத்தத்தின்போது அதிபர் ட்ரூமன் சுரங்கங்களை அரசின் கட்டுப்பாட்டில் எடுத்துக்கொண்டார். அப்போது உள்துறைச் செயலர் ஜூலியஸ் க்ரூக்கும் சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸும் செய்துகொண்ட ஒப்பந்தத்தில், தொழிலாளர்களுக்கான நல நிதியும் மருத்துவ நிதியும் பிறந்தன. அந்த நிதியிலிருந்து 1950களில் மேற்கு வர்ஜீனியா, கென்டக்கி, வர்ஜீனியா ஆகிய மாநிலங்களின் சுரங்கப் பகுதிகளில் பத்து மருத்துவமனைகள் கட்டப்பட்டன.

1969 பிப்ரவரியில் நடந்தது இன்னும் நெருக்கமான முன்னுதாரணம். நிலக்கரித் தூசியால் நுரையீரல் கறுத்துப்போகும் நோய்க்கு இழப்பீடு கேட்டு, சங்கத் தலைமையின் அனுமதியில்லாமலே சுமார் 40,000 சுரங்கத் தொழிலாளர்கள் வேலையை விட்டு வெளியே வந்தார்கள். மூன்று வாரத்துக்கு மேல் சுரங்கங்கள் முடங்கின. இழப்பீட்டுச் சட்டத்தில் ஆளுநர் ஆர்ச் மூர் மார்ச் மாதம் கையெழுத்திட்ட பிறகே அவர்கள் திரும்பினார்கள். அரை நூற்றாண்டுக்குப் பின் அதே மாநிலத்தில், அதே பிப்ரவரி–மார்ச் மாதங்களில், மீண்டும் உடல்நலம் சார்ந்த கோரிக்கையோடு, மீண்டும் தலைமையை மீறி ஆசிரியர்கள் வெளியே நின்றார்கள். அவர்களில் பலர் சுரங்கத் தொழிலாளர்களின் பேரப்பிள்ளைகள்.

பொது ஊழியர் காப்பீட்டு முகமை

மேற்கு வர்ஜீனியாவின் பொது ஊழியர் காப்பீட்டு முகமை, சுருக்கமாக பி.இ.ஐ.ஏ., 1971இல் தொடங்கப்பட்டது. ஆசிரியர்கள், பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள், சமையல் பணியாளர்கள், மாநிலப் பல்கலைக்கழக ஊழியர்கள், காவலர்கள், அலுவலக எழுத்தர்கள், ஓய்வுபெற்றோர், அவர்களுடைய குடும்பத்தார் என இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் இதன்கீழ் வருகின்றனர். மாநில மக்கள்தொகையே 18 லட்சம் அளவுதான் என்பதை நினைத்தால், கிட்டத்தட்ட எல்லாக் குடும்பத்திலும் இந்த அட்டையை வைத்திருக்கும் ஒருவர் இருப்பார் என்று சொல்லலாம்.

மாநில ஊழியர்களுக்கான செலவில் 80 விழுக்காட்டை அரசும் 20 விழுக்காட்டை ஊழியரும் ஏற்பது கொள்கை. ஆனால் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு, பிரீமியம் எவ்வளவு என்பதை முடிவு செய்வது முகமையின் நிதிக் குழு. அக்குழு இலையுதிர் காலத்தில் ஊர் ஊராகக் கருத்துக்கேட்புக் கூட்டம் நடத்திவிட்டு அடுத்த ஆண்டுக்கான திட்டத்தை நிறைவேற்றும். மாநிலத்தில் பொது ஊழியர்களுக்குக் கூட்டுப்பேர உரிமை கிடையாது. சங்கங்கள் உண்டு, அரசோடு ஒப்பந்தம் போடும் அதிகாரம் அவற்றுக்கு இல்லை. சம்பளத்தைச் சட்டமன்றம் தீர்மானிக்கும், பிடித்தத்தை நிதிக் குழு தீர்மானிக்கும். ஊழியருக்குக் கிடைப்பதெல்லாம் கூட்டத்தில் எழுந்து பேசச் சில நிமிடங்கள்.

மருத்துவச் செலவு ஆண்டுதோறும் ஏற, மாநில வருவாய் அதற்கு ஈடுகொடுக்கவில்லை. நிலக்கரித் தொழில் சரிந்தது ஒரு காரணம். அரசே எடுத்த முடிவு இன்னொரு காரணம்: 2006க்கும் 2015க்கும் இடையில் நிறுவன வருமான வரி 9 விழுக்காட்டிலிருந்து 6.5 விழுக்காடாகப் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. நிறுவனங்கள் மீதான இன்னொரு வரியான தொழில் உரிம வரி முற்றாக நீக்கப்பட்டது. வரவு சுருங்கியபோது செலவின் ஒரு பகுதி மெல்ல ஊழியரின் பக்கம் நகர்ந்தது.

புள்ளிகளும் அபராதமும்

‘நலவாழ்வுத் திட்டம்’ என்பது ஊழியர்களின் எடை, இரத்த அழுத்தம், சர்க்கரை, நடை முதலியவற்றைக் கண்காணித்து, நல்ல பழக்கங்களுக்குச் சலுகையும் இல்லாதவற்றுக்குக் கூடுதல் கட்டணமும் விதிக்கும் முறை. சேஃப்வே என்ற மளிகைக் கடைத் தொடர் நிறுவனம் இதனால் தன் மருத்துவச் செலவைக் கட்டுப்படுத்தியதாக 2009இல் பெரிதாகப் பேசப்பட்டது. 2010ஆம் ஆண்டின் ஒபாமா காலச் சுகாதாரச் சட்டம், காப்பீட்டுச் செலவில் 30 விழுக்காடு வரை இப்படிச் சலுகையாகவோ அபராதமாகவோ வைக்க இடமளித்தது. சலுகை, அபராதம் என்று பெயர் இரண்டானாலும் கணக்கு ஒன்றுதான்: எல்லோருக்கும் 25 டாலரை ஏற்றிவிட்டு, சொன்னதைச் செய்தவருக்கு அதைக் கழித்துக் கொடுத்தால் அது சலுகை, செய்யாதவருக்கு மட்டும் ஏற்றினால் அபராதம்.

அரசு நிறுவனங்கள் இதை விரைவாகவே எடுத்துக்கொண்டன. 2011இல் சிகாகோ மாநகராட்சி, திட்டத்தில் சேராத ஊழியருக்கு மாதம் 50 டாலர் என்று அறிவித்தது. 2013இல் பென்சில்வேனியாவில் மாநில நிதி பெறும் பென் ஸ்டேட் பல்கலைக்கழகம், உடற்பரிசோதனை செய்துகொண்டு இணைய வினாப்பட்டியலை நிரப்பாதவர்களுக்கு மாதம் 100 டாலர் என்று அறிவித்தது. கருத்தரிக்கும் எண்ணம் உண்டா என்பது போன்ற கேள்விகளும் அந்தப் பட்டியலில் இருந்தன. பேராசிரியர்கள் வெகுண்டெழுந்ததால் அபராதம் அதே ஆண்டு செப்டம்பரில் நிறுத்திவைக்கப்பட்டது.

மேற்கு வர்ஜீனியாவில் பி.இ.ஐ.ஏ. தேர்ந்தெடுத்தது ‘கோ 365’ என்ற செயலி. ஹியூமனா என்ற காப்பீட்டு நிறுவனத்தின் தயாரிப்பு அது. எத்தனை அடி நடந்தார், உடற்பரிசோதனை செய்தாரா என்பதற்கெல்லாம் அதில் புள்ளிகள் உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் 3,000 புள்ளிகள் சேர்க்காத ஊழியர் மாதம் 25 டாலர் கூடுதல் பிரீமியம் கட்ட வேண்டும். டிடக்டிபிளும் 500 டாலர் ஏறும். இதோடு, ஊழியரின் சம்பளத்தை மட்டும் வைத்துப் பிரீமியத்தைக் கணக்கிடும் பழைய முறைக்குப் பதிலாகக் குடும்பத்தின் மொத்த வருமானத்தை வைத்துக் கணக்கிடும் திட்டமும் முன்வைக்கப்பட்டது. கணவன், மனைவி இருவரும் வேலைக்குப் போகும் வீடுகளில் பிரீமியம் ஒரேயடியாக மேல்படிக்குத் தாவும் என்பது இதன் பொருள்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் கோபம் புரியும். தேசிய ஆசிரியர் சங்கக் கணக்கின்படி 2016இல் மேற்கு வர்ஜீனியா ஆசிரியரின் சராசரி ஆண்டுச் சம்பளம் 45,622 டாலர். மாநிலங்களின் வரிசையில் 48ஆவது இடம். 2018 ஜனவரியில் ஆளுநர் ஜிம் ஜஸ்டிஸ் முன்மொழிந்த உயர்வு ஆண்டுக்கு 1 விழுக்காடு, அதாவது சராசரியாக 456 டாலர். புள்ளி சேர்க்காதவருக்கு அபராதம் மட்டும் ஆண்டுக்கு 300 டாலர். மூன்றில் இரண்டு பங்கு அங்கேயே போய்விடும். நோய் வந்தால் டிடக்டிபிளில் ஏறிய 500 டாலர் மிச்சத்தையும் விழுங்கும்.

பணத்துக்கு அப்பால் இன்னொன்றும் இருந்தது. பிரீமிய உயர்வு என்பது பத்தோடு பதினொன்றாகக் காகிதத்தில் வரும் எண்; அதைத் திட்டிக்கொண்டே மக்கள் கட்டிவிடுவார்கள். ‘நீ இன்று எத்தனை அடி நடந்தாய்’ என்று கைபேசி கேட்பது வேறு விதமான அனுபவம். நாள் முழுக்க வகுப்பில் நின்று பாடம் நடத்துபவரிடமும், பள்ளிச் சமையலறையில் பாத்திரம் தூக்குபவரிடமும், அவர்கள் உடலைப் பேணவில்லை என்று முதலாளி சொல்வது போல அது பட்டது. பல ஆண்டுகளாக முணுமுணுப்பாக இருந்த காப்பீட்டுக் குறையை எல்லோருக்கும் புரியும் ஒற்றைச் சொல்லாக மாற்றியது அந்தச் செயலிதான்.

செலவைக் குறைக்கும் என்ற வாதமும் அப்போது ஆட்டம் கண்டுகொண்டிருந்தது. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஏறக்குறைய 5,000 ஊழியர்களைக் குலுக்கல் முறையில் பிரித்து நடத்திய ஆய்வின் முதல் முடிவுகள் 2018இல் வெளிவந்தன. நலவாழ்வுத் திட்டத்தால் மருத்துவச் செலவில் குறிப்பிடத்தக்க மாற்றம் எதுவும் முதல் ஆண்டில் தென்படவில்லை. திட்டத்தில் சேர முன்வந்தவர்கள் ஏற்கெனவே மருத்துவச் செலவு குறைவாக இருந்தவர்கள் என்பதும் தெரிந்தது. அப்படியானால் அபராதம் யார் தலையில் விழும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. சட்டமும் இதே நேரத்தில் திரும்பியது. மாற்றுத்திறனாளர் உரிமைச் சட்டப்படி இத்தகைய திட்டங்களில் சேர்வது ஊழியரின் விருப்பமாக இருக்க வேண்டும்; 30 விழுக்காடு வரை பணத்தை வைத்து நெருக்கினால் அது எப்படி விருப்பமாகும் என்று முதியோர் அமைப்பான ஏ.ஏ.ஆர்.பி. வழக்குத் தொடுத்தது. சம வேலைவாய்ப்பு ஆணையம் அந்த வரம்புக்குப் போதிய விளக்கம் தரவில்லை என்று 2017இல் நீதிபதி ஜான் பேட்ஸ் தீர்ப்பளித்தார். 2019 ஜனவரி முதல் அந்த விதி செல்லாததாயிற்று.

2018 வேலைநிறுத்தம்

மேற்கு வர்ஜீனியாவில் 1990லும் ஆசிரியர்கள் வேலைநிறுத்தம் செய்திருந்தார்கள். அது 55 கவுண்டிகளில் 47இல் நடந்தது. பொது ஊழியர் வேலைநிறுத்தம் சட்டவிரோதம் என்று அப்போதே மாநிலத் தலைமை வழக்கறிஞர் கூறியிருந்தார். 2018இல் அப்பதவியிலிருந்த பேட்ரிக் மோரிசியும் அதையே சொன்னார்.

2017 இலையுதிர் காலத்தில் சில ஆசிரியர்கள் தொடங்கிய முகநூல் குழு ஒன்றில் காப்பீட்டு மாற்றங்கள் பற்றிய விவாதம் சூடுபிடித்தது. குழுவில் பல்லாயிரம் பேர் சேர்ந்தனர். 2018 பிப்ரவரி 2 அன்று தெற்கிலுள்ள மிங்கோ, லோகன், வயோமிங் கவுண்டிகளின் ஆசிரியர்கள் ஒருநாள் வேலையை விட்டுத் தலைநகர் சார்ல்ஸ்டனுக்குச் சென்றார்கள். தொடக்கம் அங்கிருந்து வந்தது தற்செயல் அல்ல. 1921இல் பல்லாயிரம் சுரங்கத் தொழிலாளர்கள் ஆயுதம் ஏந்தி நின்ற பிளேர் மலை, லோகன் கவுண்டியில்தான் இருக்கிறது. அவர்கள் கழுத்தில் கட்டிய சிவப்புக் கைக்குட்டையை 2018 ஆசிரியர்களும் கட்டிக்கொண்டார்கள்.

அரசு முதலில் விட்டுக்கொடுத்தது நலவாழ்வு அபராதத்தைத்தான். வேலைநிறுத்தம் தொடங்கும் முன்பே கோ 365 திட்டமும் குடும்ப வருமானக் கணக்கும் கைவிடப்பட்டன. பிரீமியமும் அடுத்த ஆண்டுக்கு உயர்த்தப்படாது என்று அறிவிக்கப்பட்டது. பிப்ரவரி 21 அன்று, முதல் ஆண்டு 2 விழுக்காடும் அடுத்த இரண்டு ஆண்டுகள் தலா 1 விழுக்காடும் ஊதிய உயர்வு தரும் சட்டத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். அபராதம் போய்விட்டது, பிரீமியம் நின்றுவிட்டது, உயர்வும் வந்துவிட்டது, இனி என்ன என்பது அரசின் எண்ணம். மறுநாளே 55 கவுண்டிகளிலும் பள்ளிகள் மூடப்பட்டன. ஓராண்டுக்கு நிறுத்திவைத்த பிரீமியம் அடுத்த ஆண்டு மொத்தமாக ஏறும் என்பதை ஊழியர்கள் அறிந்திருந்தார்கள். காப்பீட்டுக்கு நிலையான நிதி வேண்டும் என்பதே அவர்கள் கேட்டது. இயற்கை எரிவாயு எடுக்கும் நிறுவனங்கள் மீதான வரியை உயர்த்தி அதை பி.இ.ஐ.ஏ.வுக்குக் கொடுக்கலாம் என்று வழியும் சொன்னார்கள். மாநில செனட் உறுப்பினர் ரிச்சர்ட் ஒஜேடா இந்த யோசனையைத் தொடர்ந்து வலியுறுத்தினார்.

சுமார் 20,000 ஆசிரியர்களும் ஏறத்தாழ 13,000 பிற பள்ளிப் பணியாளர்களும் வேலைக்குச் செல்லவில்லை. பேருந்து ஓட்டுநர்களும் சமையல் பணியாளர்களும் உடன் நின்றது பெரிய பலம்; ஓட்டுநர் இல்லாமல் மலை ஊர்களில் பள்ளி திறப்பது நடவாத காரியம். கவுண்டிப் பள்ளிக் கண்காணிப்பாளர்கள் தாங்களே விடுமுறை அறிவித்ததால், ஆசிரியர்கள் சட்டப்படி பணிக்கு வராதவர்கள் ஆகவில்லை. மதிய உணவுக்குப் பள்ளியை நம்பியிருக்கும் பிள்ளைகள் அந்த மாநிலத்தில் ஏராளம். அவர்களுக்காக ஆசிரியர்கள் முன்கூட்டியே உணவுப் பொட்டலங்கள் கட்டிக் கொடுத்தனுப்பினார்கள். வேலைநிறுத்த நாட்களில் தேவாலயங்களும் உணவு வழங்கின. பெற்றோர்கள் ஆசிரியர்களுக்கு எதிராகத் திரும்பாததற்கு இது முக்கியக் காரணம்.

பிப்ரவரி 27 அன்று ஆளுநரும் சங்கத் தலைவர்களும் உடன்பாட்டை அறிவித்தார்கள்: ஆசிரியர்களுக்கும் பள்ளிப் பணியாளர்களுக்கும் 5 விழுக்காடு, மற்ற மாநில ஊழியர்களுக்கு 3 விழுக்காடு, காப்பீட்டை ஆராய ஒரு பணிக்குழு. மார்ச் 1 அன்று பள்ளி திறக்கும் என்றும் சொல்லப்பட்டது. ஆனால் சட்டமன்ற வளாகத்தில் கூடியிருந்தவர்கள் இதை ஏற்கவில்லை. குழு போடுவது கிடப்பில் போடுவதற்கு இன்னொரு பெயர் என்பது உலகெங்கும் அரசு ஊழியர்கள் அறிந்த உண்மை. அன்றிரவும் மறுநாளும் கவுண்டி கவுண்டியாகக் கூடி, தலைவர்களின் சொல்லை மீறி வேலைநிறுத்தத்தைத் தொடர முடிவெடுத்தார்கள். பிரதிநிதிகள் அவை 5 விழுக்காட்டை 98–1 என்ற வாக்கில் நிறைவேற்றியது. செனட் அதை 4 விழுக்காடாகக் குறைத்தது. செனட் தலைவர் மிட்ச் கார்மைக்கேல் பிடிவாதமாக இருந்தார். கடைசியில் மார்ச் 6 அன்று எல்லா மாநில ஊழியர்களுக்கும் 5 விழுக்காடு என்ற சட்டம் நிறைவேறி, அன்றே கையெழுத்தானது. மற்ற ஊழியர்களுக்கும் அதே உயர்வு கிடைத்தது தலைமையின் ஒப்பந்தத்தில் இல்லாதது; தலைமையை மீறி நின்றதால் கிடைத்தது.

அதே ஆண்டு வசந்தகாலத்தில் ஓக்லஹோமா, கென்டக்கி, அரிசோனா ஆகிய மாநிலங்களிலும் ஆசிரியர்கள் வீதிக்கு வந்தார்கள். கார்மைக்கேல் 2020ஆம் ஆண்டு கட்சி முதன்மைத் தேர்தலில் பள்ளி ஆசிரியை ஏமி கிரேடியிடம் தோற்றார்.

போராட்டத்துக்குப் பின்

பணிக்குழு அமைக்கப்பட்டது. மாநிலமெங்கும் கூட்டங்கள் நடத்தி மக்களின் கருத்துகளைக் கேட்டது. நிலையான நிதி ஆதாரம் எதுவும் அதிலிருந்து பிறக்கவில்லை. எரிவாயு வரியை உயர்த்தி அதைக் காப்பீட்டுக்கு ஒதுக்கும் யோசனையும் சட்டமாகவில்லை. 2018க்குப் பின் சில ஆண்டுகள் ஊழியர்களின் பிரீமியத்தை ஏற்ற அரசியல்வாதிகள் துணியவில்லை. அரசு தன் பொது நிதியிலிருந்து பள்ளத்தை நிரப்பி வந்தது. செலவோ நிற்கவில்லை. இதனால் 80–20 என்ற பங்கு மெல்லக் குலைந்து, அரசின் பங்கு கூடிக்கொண்டே போனது. ஊழியர்களுக்கு இது நன்மைபோலத் தோன்றினாலும், முகமை மருத்துவமனைகளுக்குக் கொடுத்த தொகை மிகக் குறைவாகவே இருந்தது.

2023 தொடக்கத்தில் மாநிலத்தின் வடக்கு முனையிலுள்ள வீலிங் மருத்துவமனை, தரப்படும் தொகை கட்டுப்படியாகாததால் ஜூலை முதல் பி.இ.ஐ.ஏ. அட்டையை ஏற்கப்போவதில்லை என்று அறிவித்தது. காப்பீடு இருந்தும் உள்ளூர் மருத்துவமனைக்குப் போக முடியாது என்ற நிலை வந்ததும் சட்டமன்றம் அசைந்தது. மார்ச் மாதம் நிறைவேறிய செனட் மசோதா 268, மருத்துவமனைகளுக்கு மெடிகேர் விகிதத்தில் குறைந்தது 110 விழுக்காடு கொடுக்க வேண்டும் என்றது. 80–20 பங்கை மீண்டும் கொண்டுவந்தது. அதன் விளைவாக மாநில ஊழியர்களின் பிரீமியம் 2023 ஜூலையில் ஒரே தாவலில் சுமார் கால் பங்கு ஏறியது. தன் வேலையிடத்தில் காப்பீடு பெற வாய்ப்பிருந்தும் பி.இ.ஐ.ஏ.விலேயே தொடரும் கணவர் அல்லது மனைவிக்கு மாதம் 147 டாலர் தனிக்கட்டணமும் வந்தது. அதே கூட்டத்தொடரில் ஊழியர்களுக்கு ஆண்டுக்கு 2,300 டாலர் ஊதிய உயர்வும் அளிக்கப்பட்டது. துணைவருக்கான கட்டணம் கட்டும் குடும்பத்தில் 1,764 டாலர் அந்தக் கட்டணத்துக்கே சரியாகிவிடும். இம்முறை பள்ளிகள் மூடப்படவில்லை.